கிரீஸ் எரிந்த இறக்கம்

1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் பழைய ஷ்வின் எக்செல்சியர் சைக்கிளுக்குக் காயலான் கடை விலைதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும், பேப்பர் போடும் பையன்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டித் தேய்த்த வண்டி அது. கனத்த இரும்பு பிரேம், 26 அங்குலச் சக்கரம், இரண்டு அங்குலத்துக்கும் மேல் அகலமான பலூன் டயர், ஒரே கியர். முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரம் நிற்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டமல்பையஸ் மலையடிவாரத்தில் இருந்த இளைஞர்கள் இந்த வண்டிகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மலை மேலிருந்து மண்பாதையில் விட்டு இறங்கினார்கள். வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் கிளங்கர். ஓட்டை வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்களில் பலர் உண்மையில் சாலைப் பந்தயக்காரர்கள். பூப்போன்ற இத்தாலிய ரேஸ் சைக்கிள்களில் தார்ச்சாலையில் பறந்தவர்கள். அவர்களில் ஒருவரான கேரி ஃபிஷரை, முடியை நீளமாக வளர்த்ததற்காக 1960களின் கடைசியில் பந்தயங்களிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அவருடைய அறைத்தோழர் சார்லி கெல்லி ஒரு ராக் இசைக்குழுவுக்குச் சாமான் தூக்கி, மேடை கட்டிப் பிழைத்தவர். ஒழுங்கான பந்தய உலகத்தோடு அவ்வளவாக ஒட்டாத கூட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டியிருந்தால் காயலான் கடைப் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

‘யார் வேகமாக இறங்குவது’ என்ற வாய்ச்சண்டை தீராமல் போகவே, ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. 1976 அக்டோபர் 21. இடம், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே காட்டுத்தீ அணைக்கும் வண்டிகளுக்காக வெட்டிய ஒரு மண்சாலை. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்தில் 1,300 அடி இறக்கம். சரளைக்கல், மழைநீர் அறுத்த பள்ளம், எதிர்ப்பக்கம் தெரியாத வளைவுகள். இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார்கள். முதலில் வந்தவர் ஆலன் பாண்ட்ஸ். மற்ற எல்லாரும் வழியில் விழுந்தார்கள், அவர் மட்டும் விழவில்லை என்று கெல்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்த கதையில்தான் மவுண்டன் பைக்கின் பிறப்பே இருக்கிறது. பின்மிதி பிரேக்கின் கட்டைகள் சக்கரத்தின் ஹப்புக்கு உள்ளே இருக்கும். பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் அவை ஹப்பின் உட்சுவரை உரசிச் சக்கரத்தைப் பிடிக்கும். சமதளத் தெருவில் இது போதும். 1,300 அடி இறக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் கொதித்து, புகையாக வெளியே வரும். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது ஹப் தொட முடியாத சூட்டில், உள்ளே கிரீஸ் சொட்டுக்கூட இல்லாமல் இருக்கும். நம்மூர் சைக்கிள் கடைக்காரர் ஓவராயில் செய்ய ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் தட்டில் பால்ஸைப் போட்டுக் கழுவி, புது கிரீஸ் வைத்து மூடுவாரே, அந்த வேலையை இவர்கள் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் செய்ய வேண்டியிருந்தது. இப்படி மறுபடி கிரீஸ் அடைப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் ரீபேக் என்று பெயர்.

எரிச்சல் வராதா? பின்மிதியைத் தூக்கிவிட்டு டிரம் பிரேக் மாட்டினார்கள். கைப்பிடியில் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர் வந்தது. அடுத்த தொல்லை, ஏற்றம். வண்டியை ஒன்று தள்ளிக்கொண்டு மேலே போக வேண்டும், இல்லை யாராவது பிக்கப் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ரீபேக் பந்தயத்துக்கு முன்பே, 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் கூப்பர்டினோவிலிருந்து சிலர் இதே மாதிரிப் பழைய வண்டிகளில், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டெரெய்லர் கியர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாரின்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு ஃபிஷர் தன் வண்டியிலும் கியர் மாட்டினார். மலையில் ஏறவும் இறங்கவும் ஒரே வண்டி போதும் என்றானது அப்போதுதான்.

இவ்வளவு மாட்டியும் பிரேம் பழசுதானே. அடி தாங்காமல் முறிந்தது. முறிந்ததற்கு மாற்று தேடினால் பழைய எக்செல்சியரும் அருகிக்கொண்டே வந்தது. கெல்லி தனக்கு ஒரு புது பிரேம் செய்து தரும்படி ஜோ ப்ரீஸைக் கேட்டார். ரேஸ் சைக்கிள் பிரேம் கட்டத் தெரிந்த ப்ரீஸ், ரீபேக்கில் முன்வரிசைக்காரரும்கூட. 1977இல் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் அவர் கட்டிய முதல் வண்டியும் இலேசானதல்ல. 17 கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது. முறியக் கூடாது என்பதுதான் கணக்கு. முதல் வரிசையில் மொத்தம் 10 செய்தார். அவற்றில் முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. 1953இலேயே ஜான் ஃபின்லி ஸ்காட் என்பவர் ஷ்வின் பிரேமில் பலூன் டயர், நேர்க் கைப்பிடி, டெரெய்லர் கியர் எல்லாம் மாட்டிக் காட்டுப்பாதைக்கு ஒரு வண்டி செய்துவிட்டார். பாகம் பாகமாகப் பார்த்தால் ப்ரீஸுக்கு 24 ஆண்டுகள் முந்தியவர். ஆனால் அந்த வண்டி அவரோடு நின்றது. என் கணிப்பில், ஸ்காட்டிடம் இல்லாதது ஒரு ரீபேக்தான். ஒருவன் வண்டியில் புகை வந்தால் சிரிக்கவும், இன்னொருவன் வண்டியில் நல்ல பிரேக்கைப் பார்த்தால் மறுவாரமே தன் வண்டியிலும் மாட்டவும், விநாடிக் கணக்கில் தோற்கடிக்கவும் ஒரு கூட்டம் வேண்டும். எந்தத் தொழிற்சாலையும் வரைபடம் போட்டுச் செய்ததல்ல இந்த வண்டி.

தொழிற்சாலை பிறகு வந்தது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும் சில நூறு டாலரைக் கையில் வைத்துக்கொண்டு ‘மவுண்டன்பைக்ஸ்’ என்று கடை தொடங்கினார்கள். பிரேம்களைக் கட்டித் தந்தவர் டாம் ரிட்சி. வண்டி விலை 1,000 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் மைக் சின்யார்ட், ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக்கை 750 டாலருக்குக் கொண்டுவந்ததும் கதை மாறியது. பெரிய கம்பெனிகள் வரிசையில் வந்தன. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் உலக சாம்பியன்ஷிப், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்.

ரீபேக் பந்தயம் 1984க்குப் பிறகு தொடரவில்லை. அதில் பதிவான மிகக் குறைந்த நேரம் ஃபிஷருடையது: 4 நிமிடம் 22 விநாடி. ப்ரீஸ் அவரைவிட 2 விநாடி பிந்தினார். ஃபிஷரின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சைக்கிள்காரர்கள் பெருகப் பெருக, நடந்து போகிறவர்களும் குதிரைக்காரர்களும் புகார் செய்தார்கள். டமல்பையஸின் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை வந்தது. ரேஞ்சர்கள் ரேடார் துப்பாக்கியோடு நின்றார்கள். மலையின் மண்சாலைகளில் வந்த வேக வரம்பு மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். மறைவான வளைவுகளில் 5 மைல்.