போர் விளையாட்டுகளில் வெற்றியைத் தீர்மானித்தல்

போர் விளையாட்டு என்பது வரைபடத்தின்மீது படைகளைக் குறிக்கும் காய்களை நகர்த்தி ஆடப்படும் உத்தி விளையாட்டு ஆகும். சதுரங்கத்தில் எதிர்க்காயின் கட்டத்தை அடைந்தாலே அதை வெட்டிவிடலாம். போர் விளையாட்டில் அவ்வாறன்று. மோதலின் முடிவு கணக்கினாலும் பகடையினாலும் பெறப்படுகிறது. பிரசியப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட விளையாட்டு இதற்கு முன்னோடியாகும். அதில் நடுவர் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து இழப்புகளை அறிவிப்பார்.

வலிமை விகிதம்

தாக்குவோர் வலிமை 12, காப்போர் வலிமை 4 எனில் விகிதம் 3:1. அட்டவணையில் அவ்விகிதத்திற்குரிய நிரலில், பகடை எண்ணுக்கு நேரே பின்வாங்கல், அழிவு போன்ற முடிவு எழுதப்பட்டிருக்கும். காப்போர் அரணுக்குள் இருப்பின் அவர்கள் வலிமை இரட்டிப்பாகக் கொள்ளப்படுவதுண்டு. அப்போது விகிதம் 12:8 ஆகி, பின்னம் நீக்கப்பட்டு 1:1 எனக் குறையும்.

இரண்டாம் ஆங்கிலேய-மைசூர்ப் போரில் இவ்விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1781 சூன் 18 அன்று, ஐதர் அலியின் வீரர்கள் அரணாக்கியிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய அயர் கூட்டின் பிரித்தானியப் படை முறியடிக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள், சூலை 1 அன்று, அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் அதே படை தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஐதரின் படையை வென்றது. எண்ணிக்கையை மட்டும் கொண்டு விகிதம் காணும் விளையாட்டு இவ்விரு முடிவுகளையும் தவறாகவே கணிக்கும். இதனாலேயே பயிற்சி, மனவுறுதி, பீரங்கி ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் தரப்படுகிறது.

வெற்றிப் புள்ளிகள்

மோதலில் வென்றவரே போரில் வென்றவர் ஆகிவிடுவதில்லை. 1783 சூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் சுஃப்ரானின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் 18 பிரித்தானியக் கப்பல்களும் மோதின. இரு தரப்பிலும் ஏறக்குறைய நூறு பேர் வீதம் இறந்தனர். ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இழப்பைக் கணக்கிட்டால் சமநிலை. ஆனால் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப, சுஃப்ரான் முற்றுகைக்குள்ளாகியிருந்த கடலூரில் வீரர்களை இறக்கினார். நோக்கத்தைக் கணக்கிட்டால் பிரெஞ்சு வெற்றி. எதற்குப் புள்ளி என்பதை விதி வகுப்பவர் முன்னரே முடிவு செய்துவிடுகிறார். பகடையைவிட இதுவே முடிவை அதிகம் மாற்றுவது எனலாம்.

பெரும்பாலான விளையாட்டுகள் சுற்றுகளின் எண்ணிக்கையையும் வரையறுக்கின்றன. கடலூரில் அந்த வரையறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் சமாதான முன் உடன்பாட்டில் சனவரி 20 அன்றே கையொப்பமிட்டிருந்தன. அச்செய்தி கடற்போருக்குப் பின்னர், சூன் இறுதியில்தான் கடலூரை எட்டியது. உடன்படிக்கையின்படி கடலூர் பிரித்தானியர் வசமே திரும்பியது.