பிறர் செவிக்கு அஞ்சாத பேச்சு: புதுச்சேரியில் தொலைபேசியும் குடும்ப உறவும்

புதுச்சேரி நகரில் தொலைத்தொடர்பின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று. பிரிந்து வாழ்ந்த குடும்பங்களின் வரலாறும் ஆகும். 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்குப் பிறந்து வாழ்ந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள 6 மாதக் காலம் அளிக்கப்பட்டது. குடும்பங்கள் சில இரு நாட்டுக் குடிமக்களைக் கொண்டவையாயின. பிரான்சுக்குக் குடிபெயர்ந்தோருடனான உறவைக் கடிதங்களே நெடுங்காலம் தாங்கின.

1980களின் பிற்பகுதியிலிருந்து பரவிய எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் குரலை அருகில் கொணர்ந்தன. ஆயினும், கட்டணம் கண்முன் ஏற, காத்திருப்போர் காதில் விழப் பேச வேண்டியிருந்தது. கூடத்திலிருந்த வீட்டுத் தொலைபேசியும் பெரியோரின் செவிக்கு உட்பட்டதே.

1995இல் இந்தியாவில் தொடங்கிய கைப்பேசிச் சேவையில் வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. 2003இல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தபின், தமக்கென வருவாய் இல்லாதோரும் அழைப்பை அச்சமின்றி ஏற்க முடிந்தது. 'மிஸ்டு கால்' செலவில்லாத மொழியாயிற்று.

எனினும், கருவியை உடைமையாகக் கொள்வதும் தன்னுரிமையும் ஒன்றல்ல. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. அக்கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைக் கணவரோ பெற்றோரோ சோதிக்கின்றனரா என்பதை இவ்வெண் உணர்த்தாது. ஆகவே, எத்தனை கருவிகள் என்பதோடு, பிறர் செவிக்கு அஞ்சாது பேச முடிந்தவர் யார் என்பதையும் வரலாற்றாய்வு வினவுதல் வேண்டும்.