வாள் உறையான வாதனாளி

யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவிதாங்கூர் தேடி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் விளைந்த புகையிலையில் எங்கள் பெரியவர்களின் சுருட்டுக்கும் பங்கிருந்தது. திண்ணையிலிருந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, தோள்களை உயர்த்தி, உதட்டைக் குவித்து மூச்சுவிட்ட முதியவர்களைக் கோப்பாயில் என் தலைமுறையினர் பார்த்திருப்பர். ‘தொய்வு’ என்ற ஒரே சொல்லில் அதனை முடித்துவிட்டோம். அவர்களுட் சிலருக்கேனும் இருந்தது ஆஸ்துமாவன்று, எம்பிசீமா.

1819இல் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். சுவாசப்பையின் சிற்றறைச் சுவர்கள் சிதைகின்றன, மீள்சக்தி போகிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற மாட்டாமல் தங்கிவிட, நெஞ்சு பீப்பாய்போல் விரிகிறது, பிரிமென்றகடு தட்டையாகிறது. நடுவில் அகப்பட்டுக்கொள்வது வாதனாளி, அதாவது மூச்சுக்குழாய். ஊதிப்பெருத்த இரு சுவாசப்பைகளும் இருபுறமும் நெரிப்பதால் அது பக்கவாட்டில் ஒடுங்கி, முன்பின்னாக நீள்கிறது. விந்தை என்னவெனில், கழுத்திலுள்ள பகுதி வழமைபோலவே இருக்கும். நெஞ்சறைக்குள் நுழைந்ததும் உருவம் மாறிவிடும்.

மானிப்பாயில் வைத்தியர் சமுவேல் கிறீன் 1872இல் வெளியிட்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ வாயிலாக எம்மவர் உடற்கூற்றைத் தமிழிலேயே கற்றனர். அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னரே, 1905இல், ஹம்பர்க் நகரின் சிம்மண்ட்ஸ் இந்த ஒடுக்கத்துக்கு ‘வாள் உறை’ என்று பெயரிட்டார். அவர் இதனை முதுமையோடு சேர்த்துப் பேசினார். பக்கவாட்டு அகலம் முன்பின் நீளத்தின் பாதியோ அதனிலும் குறைவோ ஆனால் அது வாள் உறை என 1975இல் கிறீன், லெக்னர் என்னும் இருவர் வரையறுத்து, நாட்பட்ட சுவாசநோயுடன் அதனைத் தொடர்புபடுத்தினர். (இந்தக் கிறீன் வேறு.)

ஏற்கனவே மூச்சுக்குத் தவிப்பவரின் சுவாசப்பையை வெட்டிக் குறைப்பதா? 1950களில் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒட்டோ பிராண்டிகன் அதைத்தான் செய்தார். கெட்டுப்போன பகுதியை அகற்றினால், எஞ்சிய பகுதி மீள்சக்தி பெற்றுக் காற்றுவழிகளை இழுத்துத் திறந்துவைக்கும் என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இறந்தனர். தேறியவர்கள் எவ்வளவு தேறினர் என்பதற்கு அளவீடுகள் இல்லை. ‘சுகமாக இருக்கிறது’ என்ற நோயாளியின் வாய்மொழியை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. செய்தித் தொழிலில் இருந்த எனக்கு அந்த நிராகரிப்பில் பிழை காண முடியவில்லை. எனினும் ஒரு நல்ல எண்ணம் நாற்பது ஆண்டு கிடப்பில் கிடந்ததை நினைக்க மனம் ஆறவில்லை.

1993இல் சென். லூயிஸ் நகரில் ஜோயல் கூப்பர் அதனை மீட்டெடுத்தார். சுவாசப்பை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் விரிந்த நெஞ்சு தன் பழைய அளவுக்குத் திரும்புவதை அவர் கண்டிருந்தார். ஒவ்வொரு புறத்திலும் 20 முதல் 30 வீதம் வரை அகற்றினார். 1995இல் முதல் 20 நோயாளிகளின் அளவீடுகளையும் சேர்த்தே வெளியிட்டார். பின்னர் 1,218 பேரைக் கொண்டு நடந்த அமெரிக்கத் தேசிய ஆய்வு, 2003இல் விடை தந்தது: மேற்சோணைகளில் நோய் மிகுந்து, உடலுழைப்புத் திறன் குன்றியவர்களுக்கே ஆயுள் நீடிப்பு. சுவாசப்பை மிக மோசமாகக் கெட்ட ஒரு பிரிவினருக்கோ கத்தியே எமனாயிற்று.

வாதனாளிக்கு இதனால் என்ன நேரும்? நெரித்த சுமை குறைகிறது. பலமாக மூச்சுவிடுகையில் குழாயை வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தமும் தணிய வேண்டும். அக்குழாய் அகலும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமுண்டு. ஆனால் வாள் உறை வாதனாளியின் கசியிழைய வளையங்கள் பெரும்பாலும் இறுகி எலும்புத்தன்மை அடைந்திருக்கும். வளைந்து முற்றிய பனையை நிமிர்த்துவது போன்ற காரியம் அது. நெஞ்சு குறுகியதும் குழாய் வட்டமாகிவிடும் என்று எண்ணலாகாது.

நெஞ்சைத் திறக்காமலே, வாதனாளி வழியாகக் கருவியைச் செலுத்தி, கெட்ட பகுதிக்குக் காற்றுப் புகாதபடி ஒருவழி அடைப்பான்களைப் பொருத்தும் முறைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.