நூல் கணக்கு வண்டி

திருவந்திபுரத்துல எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டாய்ல ரொம்ப வருஷமா மாடு கிடையாது. ஒரு புல்லட் மட்டும் இருந்தது. 1972 மாடல், 350. பெரியப்பா போனப்புறம் யாரும் அதைத் தொடல. 2015 வெள்ளத்துல கெடிலம் தண்ணி கொட்டாய்க்குள்ள முழங்கால் அளவு நின்னுட்டுப் போச்சு. அதோட அது கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நெனச்சோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனா, காயலான் கடைக்காரர் தராசோட வாசல்ல நிக்கறார். பெரியம்மா "எடை போட்டு வர்றதைக் குடுப்பா"ங்கறாங்க. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

"அப்ப நீயே பாரு. பொங்கலுக்குள்ள ஓடலைன்னா எடைக்குத்தான்" என்றார் பெரியம்மா. அவங்களுக்கு அந்த வண்டி மேல கோபம் இல்லை, அதைத் தினம் பாக்கறதுதான் கஷ்டம்னு எனக்கு அப்புறமாத்தான் புரிஞ்சது.

நான் படிச்சது மெக்கானிக்கல். பொழப்பு ஜாவா (கம்ப்யூட்டர் ஜாவாங்க, மைசூர் ஜாவா இல்லை. அதுக்கும் பின்னாடி வர்றேன்). ஆன்லைன்ல பளபளன்னு ஒரு சாக்கெட் செட் வாங்கிட்டுப் போய் உக்காந்தேன். 11 மில்லிமீட்டர் உள்ளே போகல. 12 லூசா ஆடுது. விடாம 12ஐயே போட்டு ஒரு இழு இழுத்ததுல நட்டு மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாயிடுச்சு. முதல் நாள் சாதனை அவ்வளவுதான் :-(

திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு வயசான மெக்கானிக் இருக்கார். நட்டைக் கையில வாங்கிப் பாத்துட்டுச் சிரிச்சார். "தம்பி, இது மில்லிமீட்டர் வண்டி இல்ல. நூல் கணக்கு வண்டி."

நம்ம ஆசாரி, கொத்தனார் கணக்குல இஞ்சுக்கு எட்டு நூல். அவர் எடுத்துக் கொடுத்த துருப்பிடிச்ச ஸ்பேனர்ல கால் இஞ்சு, அதாவது ரெண்டு நூல்னு போட்டிருந்தது. ஆனா வாயோ அரை இஞ்சுக்கும் மேல அகலம்! குழம்பிட்டேன். விஷயம் என்னன்னா, 1841ல ஜோசப் விட்வொர்த்ங்கற இங்கிலாந்து இன்ஜினியர், பட்டறைக்கு ஒரு மரைன்னு இருந்ததை ஒழிக்க ஒரு பொது அளவைக் கொண்டுவந்தார். அந்த முறையில ஸ்பேனர் மேல இருக்கிற எண் வாயோட அகலம் இல்லை, அது புடிக்கிற போல்ட்டோட தடிமன். மரையோட கோணம் 55 டிகிரி. இன்னிக்கு நாம பயன்படுத்தற மெட்ரிக் மரை 60 டிகிரி. ரெண்டையும் பலவந்தமா சேர்த்தா ரெண்டும் கெடும். புல்லட்ல எல்லாமே விட்வொர்த் இல்லை. அந்தக் குடும்பத்து மரை, சைக்கிள் மரை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வந்த மெட்ரிக்னு ஒரு கூட்டுப்பொரியல்.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தியாவுல 1957லயே நயா பைசா வந்தாச்சு. 1960கள்ல படியும் சேரும் கஜமும் போய் கிலோ, மீட்டர் வந்தாச்சு. 1972ல திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி மட்டும் ஏன் இஞ்சுலயே நின்னுது?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கோங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லையில ரோந்து போக ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. தேர்வானது இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்ல செஞ்ச ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350. இங்கே விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இறுகிட்டிருந்த காலம். அதனால 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பிச்சாங்க. முதல்ல பாகங்களா கப்பல்ல வந்ததை இங்கே கோர்த்தாங்க. அப்புறம் பாகங்களைச் செய்யற அச்சு, கருவி எல்லாம் வந்து சேர்ந்தது. 1960களின் தொடக்கத்துல வண்டி முழுக்க இங்கேயே தயாராச்சு. (எம்.ஆர்.எஃப். பலூன் கம்பெனியா தொடங்கினதும் இதே திருவொற்றியூர்லதான்.)

வந்த கருவி எல்லாம் இஞ்சுக் கருவி. வரைபடம் எல்லாம் இஞ்சு. அதை மாத்தணும்னா தொழிற்சாலையையே மாத்தணும். எதுக்கு மாத்தணும்? வெளியிலிருந்து போட்டி வண்டி வர வழியில்லை. புக் பண்ணிட்டுக் காத்திருக்க ஆள் இருக்கு. எங்க ஆபீஸ்ல இருக்கிற பழைய கோடு மாதிரிதான். ஓடுதா, கையை வைக்காதே!

அதுக்குள்ள இங்கிலாந்துக்காரங்க அவங்க புல்லட்டை மாத்தினாங்க, அப்புறம் நிறுத்தினாங்க. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல மூடியாச்சு. மிச்சமிருந்த உற்பத்தியும் 1970ல முடிஞ்சது. 1977ல நம்ம ஊர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. அங்கே 1950கள் வண்டி வச்சிருக்கிறவங்க இன்னிக்கும் மெட்ராஸ்ல வார்த்த உதிரிபாகத்தை மாட்டித்தான் ஓட்டறாங்க. 1994ல கம்பெனி ஐஷர் கைக்குப் போனப்பவும் அந்தப் பழைய இரும்பு இன்ஜின் தொடர்ந்தது. அது ஓய்ஞ்சது 2010 வாக்கில்தான்.

லைசன்ஸ் ராஜ் காலத்தைத் திட்டாத இன்ஜினியர் உண்டா? நானும் திட்டியிருக்கேன். ஆனா புதுப்பேட்டையில் நின்னப்ப கொஞ்சம் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என் 1972 வண்டிக்கு பிஸ்டன் ரிங், பிக் எண்ட் புஷ், ஆயில் பம்ப் எல்லாமே கிடைச்சது. 1990கள்ல பிரிச்ச வண்டியோட பம்ப்பை என் கிரேங்க்கேஸ்ல வச்சா அப்படியே உக்காந்தது. எல்லாமே அச்சு அசலா பொருந்தும்னு சொன்னா பொய். 6 வோல்ட் 12 ஆச்சு, கியர் பாக்ஸும் பின்னாடி மாறுச்சு. ஆனாலும் 70க்கு 90 மில்லிமீட்டர் சிலிண்டர் மாறல. உள்ளே ஓடற வரைபடம் ஒண்ணுதான். கிடைக்காததை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசாவே வாங்கினேன். ஒண்ணு ரெண்டு டூப்ளிகேட்டும் தலையில கட்டிட்டாங்க, அது தனிக் கதை.

சிதம்பரத்துல என் கல்லூரி நண்பன் அவங்க அப்பாவோட யெஸ்டியை வச்சுக்கிட்டு அழறான். மைசூர் ஐடியல் ஜாவா 1961ல இருந்து வண்டி செஞ்சது, 1996ல மூடிடுச்சு. புல்லட் மாதிரி அதுக்குத் தொடர்ச்சி இல்லை. 2018ல ஜாவாவும் 2022ல யெஸ்டியும் திரும்ப வந்தது உண்மைதான். ஆனா புதுசு ஃபோர் ஸ்ட்ரோக், பழசு டூ ஸ்ட்ரோக். பேர் மட்டும்தான் பொருந்தும். அவன் தேடறது யாராவது பரண்ல போட்டு மறந்த பழைய சரக்கை.

பொங்கலுக்குள்ள வண்டி ஓடல. ஆயில் வழியில வெள்ளத்துச் சேறு கல்லாட்டம் இறுகிக் கிடந்தது. பெரியம்மா கிட்ட வாய்தா கேட்டேன். ஒண்ணும் சொல்லல. காயலான் கடைக்காரரையும் கூப்பிடல. மாசியில ஒரு நாள் சாயங்காலம், கிக்கரை மெதுவா மிதிச்சு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் புடிச்சு ஒரு இழை தள்ளி விட்டு, ஓங்கி ஒரு மிதி. பதினேழாவது மிதியில டுப் டுப்னு எழுந்தது. உள்ளே சமையல் பண்ணிட்டிருந்த பெரியம்மா கரண்டியோட ஓடி வந்து வாசப்படியில நின்னாங்க.

மறுநாள் முகூர்த்த நாள். தேவநாதசுவாமி கோவில் முன்னாடி ஏகப்பட்ட கல்யாணக் கூட்டம். அதுக்குள்ள போய் மாட்டிக்கிட்டேன். வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். பழக்க தோஷத்துல பிரேக்னு நெனச்சு கியரை மிதிச்சு, ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை கொஞ்சத்துல தப்ப விட்டேன் :-)

இன்னும் ஒரு சாமான் பாக்கி. ஹெட்லைட் பக்கத்துல இருக்கிற டைகர் லைட்ல வலது பக்கக் கண்ணாடி இல்லை. கடையில கிடைக்கறதெல்லாம் பிளாஸ்டிக். கடலூர், சிதம்பரம் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது பழைய கண்ணாடி கிடந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.