நானோ மருத்துவமும் சப்பிரகமுவத் தோட்டங்களின் வாய்ப்புற்றும்

நானோ மருத்துவம் என்பது, ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு கூறாகிய நானோமீற்றரால் அளக்கத்தக்க அதிசூட்சுமத் துகள்களில் மருந்தை ஏற்றி, நோயுற்ற இடத்தையே நாடிச் சேருமாறு செய்யும் சிகிச்சை முறையாகும். புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் விரைந்து பெருகும் உயிரணுக்கள் அனைத்தையும் பேதமின்றித் தாக்குவனவாதலால், மயிருதிர்தல், வாந்தி, வாய்ப்புண், இரத்தக் குறைவு முதலிய உபத்திரவங்கள் நோயாளியை வருத்துகின்றன. அவற்றைத் தணிப்பதே இம்முறையின் பிரதான நோக்கம்.

டொக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து இதயத்தைச் சேதப்படுத்தவல்லது. அதனை லிப்போசோம் எனப்படும் கொழுப்புக் குமிழியினுள் அடைத்த டொக்சில், 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு நேரும் தீங்கு அதனால் குறைந்தது. பக்கிளிடாக்சல் என்னும் மற்றொரு புற்றுநோய் மருந்தை அல்புமின் புரதத்துடன் பிணைத்து, ஏறக்குறைய 130 நானோமீற்றர் அளவினதாக ஆக்கிய அப்ராக்சேன் 2005இல் வந்தது. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்று இடைவெளி விட்டிருப்பதால் துகள்கள் அங்கே கசிந்து தங்கும் என்பதை ஜப்பானியராகிய மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் எடுத்துக்காட்டினர். ஆயினும், விலங்குகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து நோக்கிய 2016ஆம் ஆண்டின் ஆய்வொன்று, செலுத்திய துகள்களில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கட்டியைச் சென்றடைவது அரிது என்று கண்டது. இம்மருத்துவத்தைப் புகழ்வோர் இதனையும் மறவாது சொல்லுதல் வேண்டும்.

இனி வாய்ப்புற்றின் பக்கம் வருவோம். இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் வாயில் அடக்கியபடியே கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழ்ந்த தலைமுறைகள் பல. பசியையும் களைப்பையும் தாங்க அவர்களுக்குக் கிட்டிய துணை அது. புகையிலை சேராத பாக்கும் புற்றுக்குக் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் தீர்மானித்துள்ளது. 2006–2007இல் சப்பிரகமுவ மாகாணத்தின் நகரம், கிராமம், தோட்டம் மூன்றிலும் நடந்த ஆய்வில், 30 வயது கடந்தோருள் 100 பேரில் ஏறக்குறைய 11 பேரிடம், புற்றாக மாறக்கூடிய வாய்க்கோளாறுகள் காணப்பட்டன.

வாய்ப்புற்று முற்றியவர்களுக்கு அறுவையும் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளுமே இன்றும் பிரதான சிகிச்சை. நானோ மருந்துகள் இந்நோயைப் பொறுத்தவரை பெரும்பாலும் பரிசோதனை நிலையிலேயே உள்ளன. தோட்டத்திலிருந்து மகரகம அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வருவோர் நாட்சம்பளத்தையும் இழக்கின்றனர். ஆரம்பத்தில் தோன்றும் வெண்படலமும் செம்படலமுமோ வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே புலப்படுவன; காரம் பட்டால் எரிச்சல், வாய் திறக்க இயலாமை ஆகியவற்றை நோயாளியே உணர்வார். பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர் இவற்றைக் கண்டறிய வல்லவர் என்பதை இலங்கையிலேயே 1980களில் நடந்த கள ஆய்வு நிறுவியது.