காவிரிப் படுகை அர்ச்சகர்களின் அயல்நாட்டுப் பணி விசா

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் பயின்ற சிவாசாரியார்கள், பட்டாச்சாரியார்கள், ஓதுவார்கள் அயல்நாட்டுக் கோயில்களில் பணியாற்றப் பெறும் அனுமதி. தருமபுரம் ஆதீனத்தின் பாடசாலையும் கும்பகோணத்து ராஜா வேத பாடசாலையும் இவ்வட்டாரத்தின் பயிற்சிக்களங்களுள் சில.

கடல்கடந்த கோயில்களோடு படுகையின் உறவு பழையது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து குடியேறியோருக்காக 1827இல் எழுந்தது சிங்கப்பூர் மாரியம்மன் கோயில். நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் 1977இலும், லண்டன் ஹைகேட் முருகன் கோயில் 1986இலும் குடமுழுக்குக் கண்டன. ஆகமம் அறிந்தவர்களின் தேவை மேற்கிலும் பெருகியது. ஊரில் வருமானமோ சொற்பம்: ஒரு கால பூசைக் கோயில் அர்ச்சகர்களுக்குத் தமிழக அரசு 2021இல் அறிவித்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்தான்.

முதல் தடை பாஸ்போர்ட்டிலேயே வருகிறது. சிறு வயதில் பாடசாலையில் சேர்ந்து, பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குப் பொதுவாகக் கிடைப்பது 'ஈ.சி.ஆர்.' (குடிபெயர்வுச் சோதனை தேவை) பாஸ்போர்ட். மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் முன்அனுமதி பெற வேண்டும். ஏஜெண்டுகளிடம் ஏமாறாமல் காக்க வந்த சட்டம்தான். ஆனாலும் பல ஆண்டுகள் வேதமும் ஆகமமும் மனப்பாடம் செய்தவரை அது படிக்காதவர் கணக்கில் வைப்பது நியாயமில்லை.

பிரிட்டனில் வழிபாட்டை முன்நின்று நடத்துபவர் சமய குருவுக்கான விசாவில்தான் வர வேண்டும் என 2019 ஜனவரியில் விதி இறுகியது. அதற்கு ஆங்கிலத்தில் பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். வடமொழியில் அர்ச்சித்து, அடியார்களோடு தமிழில் பேசும் குருக்களுக்கு இது பொருந்தாத அளவுகோல்.

அமெரிக்காவின் ஆர்-1 விசாவுக்குக் கோயிலே மனுச் செய்ய வேண்டும். அர்ச்சகர் இரண்டாண்டுகளாவது அச்சமயத்தைச் சார்ந்தவராக இருந்திருக்க வேண்டும். முதலில் 30 மாதம் வரையும், மொத்தம் 5 ஆண்டு வரையும் தங்கலாம். வேறு கோயிலுக்கு மாறினால் புது மனு. உடன்வரும் மனைவி சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது.

இறையியல் பட்டம் கேட்காத சமயங்கள் தம் பயிற்சி முறையைத் தாமே விளக்கிச் சான்று தரலாம் என அமெரிக்க விதி இடமளிப்பது சிறப்பு. சமய, விசேஷ, நிர்வாண தீட்சைகளையும் ஆசார்யாபிஷேகத்தையும் பாடசாலைகள் தேதியோடு எழுத்தில் பதிந்து கொடுத்தால் சிவாசாரியார்களுக்குப் பெரிய துணை. ஓதுவார்களின் நிலை இன்னும் கடினம். அவர்களைப் போன்ற, குருவல்லாத சமயப் பணியாளர்கள் நிரந்தர வசிப்புரிமை கோரும் பிரிவு தற்காலிகமானது. அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்தால்தான் உயிரோடிருக்கும்.