கல்லீரல் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள்

கல்லீரல் புற்று பெரும்பாலும் பல ஆண்டுகள் படிப்படியாக உருவாவது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, கொழுப்புப் படிவு ஆகியவற்றால் செல்கள் அழிந்து மீண்டும் மீண்டும் பெருகும்போது தழும்பு படர்ந்து சிரோசிஸ் உண்டாகிறது. தழும்புகளுக்கு நடுவே எழும் முடிச்சுகளில் சில பிறழ்வடைகின்றன. அவற்றுள் பிறழ்வு மிகுந்தவையே அஞ்சத்தக்கவை. இயல்பான கல்லீரலுக்குப் பெரும்பகுதி இரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே கிடைக்கிறது. புற்றாகும் முடிச்சோ தமனி இரத்தத்துக்கு மாறுகிறது, சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுப்பது இதைத்தான். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனை வேண்டும் என்பது, முடிச்சு புற்றாவதைத் தொடக்கத்திலேயே கண்டறியத்தான்.

மதுரை வட்டாரத்தில், கல்லீரல் பாதிப்பால் வரும் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது பழைய வழக்கம். மஞ்சள் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்பார்கள். 1988இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ‘லான்செட்’ இதழில் இம்மூலிகை ஹெபடைடிஸ் பி-க்குப் பயன்படுவதாக நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. மஞ்சள் மறைந்த பின்னும் வைரஸ் தங்கலாம். சிரோசிஸ் இல்லாமலே ஹெபடைடிஸ் பி புற்றை உண்டாக்குமே, பிறகு சிரோசிஸ் உள்ளவர்களை மட்டும் கண்காணிப்பது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அது கண்காணிப்பைக் கைவிட அல்ல, விரிவாக்கவே சொல்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் அருமையையும் உணர்த்துகிறது. சுற்றுவட்டார மானாவாரி நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் ஈரம்போக உலர்த்துவதும் தடுப்பே: ஈரத்தில் வளரும் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின், புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவையே சிதைக்கிறது.